மனச்சிதைவு நோயின் மரபணுத் தேடல்: வேலைக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

இன்று பிளேட் வரைபடம், அதாவது டி.என்.ஏ. ஊற்றும் குழித்தட்டில் யார் எங்கே என்ற திட்டம். 96 குழிகளில் நோயாளிகளின் டி.என்.ஏ.வும் கன்ட்ரோல் (நோயில்லாத ஒப்பீட்டு ஆட்கள்) டி.என்.ஏ.வும் குழிக்கு ஒருவராக, இடம் கலந்து உட்கார வேண்டும். பெரும்பாலும் நோயாளிகளின் ரத்தம் முதலில் சேர்ந்துவிடும், கன்ட்ரோல் பல மாதம் கழித்து வரும். வந்த வரிசையிலேயே நிரப்பினால் ஆய்வு அன்றோடு முடிந்தது. பின்னால் தெரியும் வித்தியாசம் நோயினுடையதா பிளேட்டினுடையதா என்று பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. நூறு வயதைத் தாண்டியவர்களின் மரபணுக்கள் பற்றி 2010இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு 2011இல் திரும்பப் பெறப்பட்டது. அதில் இரு தரப்புக்கும் ஒரே வகை சிப் (டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறும் இடங்களைப் படிக்கும் தகடு) பயன்படுத்தப்படவில்லை, ஒரு சிப் சில இடங்களைத் தவறாகப் படித்திருந்தது.

ஒரு சிப்பில் 24 மாதிரிகள். எனவே பிளேட் அளவில் கலந்தால் போதாது, சிப் அளவிலும் கலக்க வேண்டும். ஒவ்வொரு பிளேட்டிலும் ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு மாதிரியை, பிளேட்டுக்கு பிளேட் வேறு குழியில் வைக்கிறோம். பிளேட்டைத் தலைகீழாகத் திருப்பி ஏற்றியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

மார்ச் 5, புதன்

ஊதா மூடி இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுப்பது) ட்யூபிலிருந்து எடுத்த டி.என்.ஏ. மைக்ரோலிட்டருக்கு 50 நானோகிராம் வீதம் 4 மைக்ரோலிட்டர், மொத்தம் 200 நானோகிராம் வேண்டும். நேனோட்ராப் (ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் கருவி) சொல்லும் அளவை நம்பிச் சமன்படுத்தக் கூடாது. அது ஆர்.என்.ஏ.வையும் சேர்த்தே எண்ணும். 260/280 விகிதம் (தூய்மைக்கான அளவுகோல்) 1.8 பக்கம் இருக்கிறதா என்று பார்க்க அது போதும், அளவுக்கு க்யூபிட் (டி.என்.ஏ.வை மட்டும் ஒளிரவைத்து அளக்கும் கருவி).

மார்ச் 10, திங்கள்

முதல் வடிகட்டல், ப்ளிங்க் மென்பொருளில். வரிசை மாறினால் நல்ல மாதிரிகள் வீணாகும். முதலில் 5 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆட்களிடம் படிக்க முடியாமல் விடுபட்ட மார்க்கர்களை (சிப் படிக்கும் டி.என்.ஏ. இடங்களை) நீக்க வேண்டும். அடுத்து 2 சதவீதத்துக்கு மேல் மார்க்கர்கள் விடுபட்ட ஆட்கள். மறுபடி மார்க்கர்கள், இம்முறை 2 சதவீதம். மோசமான மார்க்கர்களை வைத்துக்கொண்டே ஆட்களை எடைபோட்டால் பழி ஆட்கள் மேல் விழும்.

இதைவிட முக்கியமானது, ஒரே மார்க்கர் நோயாளிகளிடமும் கன்ட்ரோலிடமும் வெவ்வேறு அளவில் விடுபட்டிருக்கிறதா என்பது. வித்தியாசம் 2 சதவீதத்தைத் தாண்டினால் வெளியே. பொய்யான வெற்றிகளில் கணிசமானவை இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

மார்ச் 12, புதன்

பால் சரிபார்ப்பு. எக்ஸ் குரோமோசோமின் எஃப் மதிப்பு (ஜோடி வடிவங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) 0.2க்குக் கீழே பெண், 0.8க்கு மேலே ஆண். பதிவேட்டோடு ஒத்துப்போகாத மாதிரி ஒன்று இருந்தால் தனியாக அதை மட்டும் தூக்கி எறிந்துவிட்டுப் போகக் கூடாது. பக்கத்துக் குழிகளையும் பார்க்க வேண்டும். ஒரு வரிசை முழுக்க ஒரு குழி தள்ளி ஊற்றப்பட்டிருந்தால், அதில் பால் தற்செயலாகப் பொருந்திப் போனவர்கள் சத்தமில்லாமல் உள்ளே இருப்பார்கள். இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் உள்ள ஆண்களும் இந்தச் சோதனையில் தவறுபோலத் தெரிவார்கள். ஒய் மார்க்கர்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மார்ச் 17, திங்கள்

ஐரோப்பிய மாதிரிகளுக்கு எழுதிய விதிகள் நம் ஊரில் இடறும் இடம் இது. ஒருவரின் ஜோடி மரபு வடிவங்கள் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்கும் எஃப் மதிப்பு, சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினால் நீக்கு என்பது பல கையேடுகளில் உள்ள விதி. அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டியவர்களின் பிள்ளைக்கு எதிர்பார்க்கும் எஃப் 1/16. அக்கா மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு 1/8. அந்த விதியை அப்படியே ஓட்டினால் சொந்தத்தில் பிறந்தவர்கள் அத்தனை பேரும் ‘கெட்ட மாதிரி’ என்று வெளியே போய்விடுவார்கள். ±0.2 என்ற தளர்ந்த எல்லையே இங்கே சரி.

திசையையும் பார்க்க வேண்டும். எஃப் எதிர்மறையாக இறங்கினால் இருவர் டி.என்.ஏ. கலந்திருக்கிறது, தயங்காமல் நீக்கலாம். மேலே ஏறினால் குரோமோசோமைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சொந்தக் கல்யாணமானால் ஒத்த பகுதிகள் நீளநீளமாக, பல மெகாபேஸுக்கு (ஒன்று பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள்), சில இடங்களில் மட்டும் கிடக்கும். டி.என்.ஏ. சிதைந்திருந்தால் ஒத்த இடங்கள் பொரித் தூவல்போல எங்கும் சிதறியிருக்கும், கூடவே விடுபட்டவையும் அதிகமாக இருக்கும்.

மரபு வடிவங்கள் எதிர்பார்த்த விகிதத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஹார்டி-வைன்பெர்க் சோதனையிலும் இதே சிக்கல். தங்களுக்குள்ளேயே மணமுடிக்கும் பல சமூகங்களை ஒரே கூடையில் போட்டால் கலப்பு வடிவங்கள் (ஜோடியில் இரண்டும் வேறானவை) குறைந்துதான் தெரியும். பி மதிப்புக்கு (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்புக்கு) கன்ட்ரோலில் 10⁻⁶, நோயாளிகளில் 10⁻¹⁰ என்று எல்லை வைத்தும் ஏராளமான மார்க்கர்கள் விழுந்தால், பிழை ஆய்வகத்தில் இல்லாமல் கூடையில் இருக்கலாம். குழு குழுவாகப் பிரித்து மறுபடி ஓட்ட வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

உறவு, வம்சாவளி. இருவர் எவ்வளவு சொந்தம் என்று காட்டும் கிங் குணகம் 0.354க்கு மேல் இருந்தால் ஒரே ஆள் இரண்டு முறை, அல்லது ஒரே கரு இரட்டையர். 0.177 வரை முதல்நிலை உறவு, 0.0884 வரை இரண்டாம் நிலை. சொந்தத்துக்குள் சொந்தம் இருக்கும் குடும்பங்களில் இந்த எல்லைகள் வழுக்கும். உறவினர்களை நீக்கிக்கொண்டே போனால் கையில் ஆளே மிஞ்சாது, ஆகவே உறவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் மிக்ஸ்டு மாடல் முறையை எடுப்பது நல்லது.

முதன்மைக் கூறுகளை (யார் எந்த வம்சாவளி என்று காட்டும் சுருக்க எண்களை) கணக்கிடும் முன் 6ஆம் குரோமோசோமில் 25–34 மெகாபேஸ், 8ஆம் குரோமோசோமில் 8–12 மெகாபேஸ் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். மறந்தால் மூன்றாவது நான்காவது கூறு வம்சாவளியைக் காட்டாமல் இந்த இரண்டு துண்டுகளையே காட்டிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 2, புதன்

சிப் படிக்காத இடங்களை நிரப்பும் வேலை. ஏ/டி, சி/ஜி மார்க்கர்களை (எதிர் இழையிலும் அதே இரு எழுத்து உள்ளவை) முன்பே நீக்கியாயிற்று, இழை மாறினாலும் அவை வெளியே தெரியாது. ஒப்பிட்டு நிரப்ப உதவும் ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தின் மூன்றாம் கட்ட 2,504 பேரில் தெற்காசியர் 489, அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102. அரிய வடிவங்களுக்கு இது பற்றாது. நிரப்பலின் தர மதிப்பு 0.8க்கு மேல், அலீல் (மரபு வடிவம்) அதிர்வெண் 1 சதவீதத்துக்கு மேல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஏப்ரல் 9, புதன்

வெற்றி எல்லை, அதாவது ஒரு மார்க்கருக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஏற்கும் பி மதிப்பு, 5×10⁻⁸. மரபுத்தொகுதியில் ஏறக்குறைய பத்து லட்சம் தனித்தனிச் சோதனைகள் என்று வைத்து 0.05ஐ வகுத்த கணக்கு. இதைத் தொடுவது ஏன் இவ்வளவு கடினம் என்றால், பொதுவான ஒரு வடிவம் நோய் வாய்ப்பைக் கூட்டுவது பெரும்பாலும் 1.1 மடங்குக்கும் கீழே. 2014இல் 36,989 நோயாளிகளை வைத்து 108 இடங்கள் கிடைத்தன. 2022இல் 76,755 நோயாளிகள், 2,43,649 கன்ட்ரோல், 287 இடங்கள். முன்பு ஸ்காட்லாந்தின் ஒரு குடும்பத்தில் 1, 11ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட இடத்தில் கண்ட டிஸ்க்1 மரபணு பற்றி மலைமலையாகக் கட்டுரைகள் வந்தன. பெரிய கணக்கெடுப்புகளில் அது தலைகாட்டவில்லை.

சென்னை ஸ்கார்ஃபும் (மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம்) குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டு மாதிரிகளில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் 8ஆம் குரோமோசோமில் 8க்யூ24.3 என்ற இடம் எல்லையைத் தாண்டியது. சுட்டப்பட்ட என்.ஏ.பி.ஆர்.டி.1 மரபணு நியாசினை (வைட்டமின் பி3) கையாளும் நொதிக்கானது. நியாசின் பட்டால் தோல் சிவப்பது சில நோயாளிகளிடம் குறைவு என்பது பழைய கவனிப்பு, அதனால் கதை அழகாகப் பொருந்துகிறது. பொருத்தமான கதை என்பதாலேயே கூடுதல் சந்தேகத்தோடு மற்ற மாதிரிகளில் சோதிக்க வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்

முடிவு வரைபடத்தில் நோயோடு வலுவான தொடர்பைக் காட்டும் 6ஆம் குரோமோசோமின் பெரிய மேடு. 2016இல் அதன் ஒரு பகுதி சி4 என்ற நோயெதிர்ப்புப் புரத மரபணுவின் பிரதி எண்ணிக்கையிலிருந்து வருகிறது என்று காட்டினார்கள். சி4ஏ மூளையில் கூடுதலாக வெளிப்படும் வடிவங்களுக்கு ஆபத்தும் கூடுதல். சிப்பில் சி4 பிரதிகளை நேரடியாக எண்ண முடியாது. டிஜிட்டல் பி.சி.ஆரில் (டி.என்.ஏ. பிரதிகளை எண்ணும் முறை) சி4ஏ, சி4பி, நீள வடிவம், குறு வடிவம் நான்கையும் தனித்தனியாக எண்ணி, ஏ+பி கூட்டுத்தொகையும் நீளம்+குறு கூட்டுத்தொகையும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அந்த மாதிரியை மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

ஏப்ரல் 23, புதன்

பிரதி இழப்புகள், அதாவது குரோமோசோமில் ஒரு துண்டே இல்லாமல் போவது. சிப்பின் ஒளிச்செறிவில் 22ஆம் குரோமோசோமின் 22க்யூ11.2 பகுதியில் சுமார் 3 மெகாபேஸ் கீழே இறங்கி, பி அலீல் பட்டையில் (இரு வடிவங்களின் விகிதத்தைக் காட்டும் படம்) நடுக்கோடு காணாமல் போனால் அது இழப்பு. நடுக்கோடு மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பிளந்தால் இரட்டிப்பு. செறிவின் திட்ட விலக்கம் 0.3ஐத் தாண்டிய மாதிரிகளில் மென்பொருள் எங்கு பார்த்தாலும் இழப்பு என்று கூவும், அவற்றை முன்பே நீக்க வேண்டும்.

22க்யூ11.2 இழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. 1.1 மடங்கு விளையாட்டு இல்லை இது. கால்சியம் குறைந்து வலிப்பு வரலாம், இதயக் கோளாறு இருக்கலாம். ஆக, கண்டால் சிகிச்சை செய்யும் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஆனால் சிப் முடிவை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. புதிய ரத்தம் எடுத்து, எம்.எல்.பி.ஏ. (பிரதிகளை எண்ணும் வேறொரு முறை) சோதனையில் உறுதிசெய்த பிறகே. ஒப்புதல் படிவத்தில் ‘கண்டுபிடித்தால் சொல்லலாமா’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய படிவங்களில் அந்தக் கட்டமே இல்லை, அவற்றைத் தனிக் கோப்பில் போட்டு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புகிறோம்.