கண்டல் நடுவதற்கு முன் புத்தகம் தேடி அலைந்தது

மூன்று தரம் டவுனுக்குப் போய் வந்த பிறகுதான் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர் வாவிக்கரை வருடா வருடம் அரித்துக்கொண்டு போகிறது. உவர்நீர்ச் சேற்றில் வளர்ந்து கரையைப் பிடித்து நிற்கும் கண்டல் மரம் நடுவோம் என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தில் முடிவானது. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று அனுமதி வேலை பெரிய கரைச்சல் இல்லாமல் முடிந்தது. ஆனால் எங்களில் ஒருவருக்கும் கண்டல் நட்ட அனுபவம் இல்லை. படித்துவிட்டு நடுவோம் என்று நான்தான் சொன்னேன்.

முதல் நாள் டவுனில் ஒரு நூலகத்தில் அங்கத்துவப் படிவம் தந்தார்கள். கிராம உத்தியோகத்தரிடம் ஒப்பம் வாங்கிக்கொண்டு இரண்டாம் தரம் போனால், "தம்பி, நீங்கள் எங்கட எல்லைக்கு வெளியே. அரச உத்தியோகத்தர் ஒருவர் பிணை நிற்கவேணும்" என்றார் எழுதுவினைஞர். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பதில் இல்லை. மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் திரும்பி வந்து, ஆசிரியையாக இருக்கும் மச்சாளிடம் ஒப்பம் வாங்கி மூன்றாம் தரம் போனேன். அட்டை கிடைத்தது. புத்தகமோ உசாத்துணைப் பகுதியில். வெளியே கொண்டுபோக முடியாதாம். பின்னேரம் வரை இருந்து வாசித்து 14 பக்கம் போட்டோ கொப்பி எடுத்தேன். போகமுதல் ஒரு டெலிபோன் கோல் எடுத்து, புத்தகம் இருக்கிறதா, இரவல் தருவார்களா, பிணை தேவையா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஈழத்துப் பழைய நூல்கள் என்றால் முதலில் இணையத்தில் 'நூலகம்' எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். 2005 முதல் இலவசமாகத் தருகிறார்கள்.

அலைந்தது வீண்போகவில்லை. சங்கத்தில் கிடந்த கைநூல்களில் நடுகை விழாப் படங்கள்தான் நிறைய; நட்டது பிழைத்ததா என்று ஒரு வரியும் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மருமகள் 2017இல் வந்த ஓர் ஆய்வை வாசித்துத் தமிழில் சொன்னாள். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்திருக்கிறார்கள். 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டது, நட்ட பிறகு பராமரிக்காதது, மாடு மிதித்தது. தோற்ற கதையைச் சொல்லும் புத்தகத்தைத் தேடுங்கள். எனக்கு உதவியது அதுதான்.

கொப்பி எடுத்த பக்கங்களில் ஒரு கேள்வி இருந்தது: கன்று வைக்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை நாள் நிற்கும்? எங்கள் பொடியன்கள் ஆவணியில், தண்ணீர் வற்றித் தெரிந்த சேற்றில் கம்பு நட்டு அடையாளம் வைத்திருந்தார்கள். புத்தகம் கடல் வற்றுப்பெருக்கைப் பற்றித்தான் பேசுகிறது. எங்கள் வாவியில் மாரிக்குத் தண்ணீர் ஏறினால், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்மேட்டை வெட்டிவிடும் வரைக்கும் லேசில் இறங்காது. அதனால் அந்தக் கேள்வியை வலை வீசும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கம்புகளைப் பார்த்துவிட்டு, கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார். "மனே, மாரியில இவ்வளவு தண்ணி நிக்கும். கன்று மூச்சு விடுமா?" பிறகு கரையில் தானாக முளைத்து நின்ற பழைய கண்டல் ஒன்றின் அடியில் போய் நின்றார். "இந்த மட்டத்தில வை."

கம்பு அத்தனையையும் பிடுங்கி மேலே நட்டோம். பொடியன்களுக்குக் கோபம்தான், இரண்டு நாள் வேலை வீணானது என்று. கன்றாக முளைக்கும் கண்டல் காய் 300 ஊன்றினோம். மாடு வராமல் பனைமட்டையால் வேலியும் அடைத்தோம்.

முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் வடிந்ததும் போய் எண்ணினோம். 212 நிற்கிறது, உச்சியில் இரண்டிரண்டு இலையோடு. பொடியன்கள் நம்பாமல் இரண்டாம் தரமும் எண்ணினார்கள். வேலி சரிந்த மூலையில்தான் கூடுதலாகப் போயிருக்கிறது. வருகிற ஞாயிறு அதைத் திருப்பி அடைக்கிறோம்.