டக்குமார் 28: ஒருவழியாக இன்ஃபினிட்டி குறியிலேயே வந்து நின்றது

பழைய பென்டாக்ஸ் லென்ஸான சூப்பர் டக்குமார் 28 எம்.எம். எஃப் 3.5-ஐ சோனி ஏ7 மார்க் 3 கேமராவில் மாட்டி, ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டி (கண்ணுக்கெட்டாத தொலைவு) குறிக்குத் திருப்பினால் இப்போது இன்ஃபினிட்டியில்தான் நிற்கிறது. இதில் பீற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்பவர்கள், தங்கள் எம்42 அடாப்டரை (பழைய திருகு லென்ஸைப் புதுக் கேமராவோடு இணைப்பது) மாட்டி, வளையத்தைக் கடைசிவரை திருப்பி, மொட்டைமாடியிலிருந்து தூரத்து செல்போன் கோபுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வரட்டும்.

என் லென்ஸில், வளையம் 4 மீட்டர் பக்கம் வரும்போதே கோபுரம் பளிச்சென்று தெரிந்துவிடும். அதைத் தாண்டித் திருப்பத் திருப்பக் கலங்கல்தான். லென்ஸில் கோளாறு இல்லை. எல்லாம் அடாப்டரின் வேலை.

லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரையுள்ள இடைவெளிதான் ஃபிளேஞ்ச் தூரம். எம்42-க்கு அது 45.46 மி.மீ., சோனி இ மவுண்டுக்கு 18. ஆக அடாப்டரின் தடிமன் 27.46 இருக்க வேண்டும். மலிவு அடாப்டர்கள் பெரும்பாலும் இதைவிட ஒரு நூல் மெல்லிசாகவே வரும். தடித்துப்போனால் தூரத்தில் இருப்பது ஃபோகஸுக்கே வராது, வாங்கியவன் அன்றைக்கே திருப்பி அனுப்புவான். மெல்லிசாக இருந்தால் இன்ஃபினிட்டி எங்கேயோ ஓர் இடத்தில் கிடைத்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு விற்றவரும் 'இன்ஃபினிட்டி கேரண்டி' என்றுதான் போட்டிருந்தார். பொய் சொல்லவில்லை, இன்ஃபினிட்டிக்கு அப்பாலும் கொஞ்சம் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்!

மைக்ரோமீட்டரில் அளந்தால் 27.25. வெர்னியரை இதற்கு நம்பாதீர்கள். பிடிக்கும் அழுத்தத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு முறையும் ஒரு கணக்குச் சொல்லும். 25 முதல் 50 வரை அளக்கும் மைக்ரோமீட்டரை யாரிடமாவது இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். கேமராவுக்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும் பயோனெட் நாக்குகளை விட்டுவிட்டு, கேமரா முகத்தில் உட்காரும் தட்டையான விளிம்பிலிருந்து லென்ஸ் உட்காரும் விளிம்பு வரை அளக்க வேண்டும். நான்கு பக்கமும் பாருங்கள். என்னுடையதில் ஒரு மூலை மட்டும் 27.23. அதை மன்னித்துவிட்டேன்.

குறைவது 0.21 மி.மீ. அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றால், கணக்கைப் பாருங்கள். குவியத் தூரத்தை வர்க்கம் செய்து, குறைகிற தடிமனால் வகுத்தால், வளையம் எந்தத் தூரத்தைக் காட்டும்போது உண்மையான இன்ஃபினிட்டி வரும் என்பது கிடைக்கும். 28-இன் வர்க்கம் 784. வகுத்தால் கிட்டத்தட்ட 3.7 மீட்டர். நான் கண்ணால் பார்த்ததும் அதேதான். இதே அடாப்டரில் 55 எம்.எம். டக்குமாரை மாட்டினால் 14 மீட்டருக்கு மேல் வருகிறது. அந்த லென்ஸில் 10-க்கும் இன்ஃபினிட்டிக்கும் நடுவே இருக்கிற இடமே கொஞ்சம்தான், அதனால் கண்ணில் படாது. '50 எம்.எம். நன்றாகத்தான் இருக்கிறது, வைடு லென்ஸ்தான் சரியில்லை' என்று பழைய வைடுகளைக் கழித்துக் கட்டுகிறவர்கள் முதலில் அடாப்டரை அளக்கட்டும்.

திரையைப் பார்த்துத்தானே ஃபோகஸ் செய்கிறோம், லென்ஸ்மேல் இருக்கும் தூர அளவுக்கோடு எதற்கு என்றும் கேட்பார்கள். எனக்கு இந்த 28 தெருவுக்கான லென்ஸ். மயிலாப்பூர் மாட வீதியில் அறுபத்துமூவர் கூட்டத்தில் நின்றுகொண்டு 11.7 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் பார்த்தால் பல்லக்கு போய்விடும். எஃப் 8-இல் வைத்து, வளையத்தை 3.3 மீட்டரில் நிறுத்தினால், 1.65 மீட்டரிலிருந்து கடைசிவரை எல்லாம் தெளிவு. இதுதான் பழைய லென்ஸின் சுகமே. ஆனால் 0.21 குறைந்த அடாப்டரில் 3.3 என்று வைத்தால் லென்ஸ் உண்மையில் 26 மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று மீட்டருக்குள் நிற்கிற முகமெல்லாம் மங்கல், பின்னால் இருக்கிற கோபுரம் மட்டும் கத்தி மாதிரி.

சரி, ஷிம், அதாவது குறைகிற தடிமனை நிரப்பும் மெல்லிய தகடு. அடாப்டரின் பின்பக்கப் பயோனெட் தகட்டை நான்கு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. கழற்றினால் தகட்டுக்கும் உடலுக்கும் நடுவே 0.2 மி.மீ. வளையம் ஒன்றைச் சொருகிவிடலாம். செல்லோடேப் அடுக்கி ஒட்டலாம் என்பார்கள். சென்னை வெயிலில் பசை இளகி, ஸ்க்ரூ இறுக இறுகத் தடிமன் மாறிக்கொண்டே போகும். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. டின்னின் சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ., இரண்டு அடுக்கு போட்டால் கணக்கு சரிதான். ஆனால் உருளையாக இருந்த தகடு தட்டையாகப் படுக்க மறுக்கும். நான் பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் பித்தளை ஷிம் தகடு வாங்கினேன். 0.05, 0.1, 0.2 மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். கடைக்காரர் என்ன மோட்டாருக்கு என்று கேட்டார். கேமராவுக்கு என்றதும் இன்னொரு முறை கேட்டார்.

நேரத்தைத் தின்றது வளையம் வெட்டியதுதான். 0.2 பித்தளையைக் கத்தரியால் வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், அந்தச் சுருளே 0.05 ஏற்றிவிடும். தகட்டை இரண்டு கனத்த அட்டைகளுக்கு நடுவே ஒட்டி, காம்பஸ் கட்டரால் அழுத்தாமல் பல சுற்று சுற்றி எடுக்க வேண்டும். முதலில் ஸ்க்ரூ துளைகள், அப்புறம் உள்வட்டம், கடைசியில்தான் வெளிவட்டம். வெளிவட்டத்தை முதலில் எடுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. துளைகளை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். வெட்டி முடித்ததும் கண்ணாடிமேல் ஆயிரம் நம்பர் உப்புத்தாளை விரித்து, வளையத்தை விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துப் பிசிறு எடுக்க வேண்டும். நகத்தை ஓரத்தில் ஓட்டினால் எங்கேயும் தடுக்கக் கூடாது. பித்தளைத் தூள் ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் அது போய்ச் சேரும் இடம் சென்சார், ஆகவே கழுவித் துடைத்துவிட்டுத்தான் மாட்டினேன். ஸ்க்ரூக்களைக் குறுக்குக்குறுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

இப்போது 27.45. மீதமுள்ள அந்த 0.01-ஐ வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வெயிலில் உலோகம் விரிந்தாலும் இன்ஃபினிட்டி கைவிட்டுப் போகாது. லென்ஸின் அபர்ச்சரை (வெளிச்சத் துளை) மூடும் ஊசியை அழுத்துகிற முன்பக்க உதட்டை இந்த வேலை தொடுவதே இல்லை, அதனால் அபர்ச்சர் பாதிக்கப்படவில்லை. இரவில் வியாழனைப் பார்த்துச் சோதித்தேன். எஃப் 3.5-இல் முழுக்கத் திறந்து, வளையம் கடைசியில் முட்டி நிற்க, ஒரு புள்ளி. ஃபோகஸான ஓரங்களுக்குத் திரையில் நிறம் பூசிக் காட்டும் பீக்கிங்கை நம்பி இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அது பக்கத்தில் இருப்பதையெல்லாம் சரி சரி என்று தலையாட்டும்.

இன்னொரு சின்ன விஷயம். எம்42 திருகு லென்ஸாதலால் முழுக்க இறுக்கிய பிறகு அளவுக்கோட்டின் நடுக்குறி மேலே வராமல் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். பல அடாப்டர்களில் பக்கவாட்டில் மூன்று கிரப் ஸ்க்ரூக்கள் (தலையில்லாத குட்டி ஸ்க்ரூக்கள்) இருக்கின்றன. தளர்த்தினால் உள்ளே இருக்கும் மரை வளையம் சுழலும், குறியை நேராக்கி மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். அதற்கான ஆலன் கீ ஏறக்குறைய ஊசி சைஸ். மலிவான செட்டில் வருகிற கீ முதல் திருப்பிலேயே முனை மழுங்கிவிடுகிறது, நல்லதாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெடிஷாட்டில் குவியத் தூரம் 28 என்று கையால் போடுவதையும் மறக்க வேண்டாம். 55-ஐக் கழற்றி 28-ஐ மாட்டிவிட்டு அதை மாற்றாமல் விட்டால், கேமராவே படத்தை ஆட்டிவிடும்.

படத்தின் ஓரங்கள் எஃப் 5.6 வரை சுமார்தான். ஆனாலும் இதுபோன்ற எஸ்.எல்.ஆர். வைடுகளுக்கு, உள்ளே ஆடும் கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் வைடுகள் அளவுக்கு, சென்சாரை மூடியிருக்கும் கண்ணாடியால் தொல்லை இல்லை. எஸ்.எல்.ஆருக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி ஆட இடம் விட்டு, பின் உறுப்பைத் தள்ளி வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். வெளிச்சம் சென்சாரில் அவ்வளவு சாய்வாக விழாது.

அடுத்தது ஹீலியோஸ் 44-2 என்ற பழைய ரஷ்ய லென்ஸ். ஜெனிட் கேமராவோடு வந்தது, வளையம் கல்லாக இறுகிக் கிடக்கிறது. அபர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய் மின்னுகிறது என்று விற்றவரே சொல்லி விலையைக் குறைத்தார். 44-2 பிரீசெட் லென்ஸ், பிளேடுகளைச் சட்டென்று மூட ஸ்பிரிங் கிடையாது, விரல்தான் மூடுகிறது. எண்ணெய் இருந்தாலும் வேலை நடக்கும். இந்த ரகசியத்தை விற்பவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஹெலிகாய்டை (ஃபோகஸ் வளையத்தின் மரை) பிரிக்கும் முன் மரை எங்கே விடுகிறது என்று உள்ளும் வெளியும் கோடு கீறி வைத்தாயிற்று. பழைய கிரீஸ் பச்சையாகி மெழுகுபோல இருக்கிறது, மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. புதிதாகப் போட, வளையம் மெத்தென்று சுழல வைக்கும் சரியான டேம்பிங் கிரீஸ் இங்கே சில்லறையில் கிடைக்கவில்லை. சைக்கிள் கடை கிரீஸ் வெயிலில் உருகிப் பிளேடுக்கே இறங்கும், அதைத் தொடப்போவதில்லை. வெளியூரிலிருந்து சின்ன டப்பா ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனுடன் நிக்கான் எஃப் அடாப்டர் ஒன்றும் வருகிறது. அது 28.50 இருக்க வேண்டும். 0.1 பித்தளை இன்னும் மிச்சம் இருக்கிறது.