செயற்கைக்கோளும் 5ஜி-யும் ஒரே அலைக்கற்றையில்: இன்ஜினியரிங் சர்வீசஸுக்கு எப்படிப் படிப்பது?

யு.பி.எஸ்.சி. இன்ஜினியரிங் சர்வீசஸில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு எழுதுகிறவர்களுக்கு இந்திய ரேடியோ ஒழுங்குமுறைப் பணிக்கும் வழி உண்டு. அலைக்கற்றையைப் பங்கிடுவதுதான் அந்தப் பணியின் உயிர். வியாசர்பாடியில் வீட்டிலோ, கொளத்தூர் முதல்வர் படைப்பகத்திலோ உட்கார்ந்து இதற்குப் படிக்கிற பலர் பேண்ட் பட்டியலை மனப்பாடம் செய்வதிலேயே வாரக்கணக்கில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். பட்டியல் அரை நாள் வேலை. 5ஜி டவர் செயற்கைக்கோள் சிக்னலைக் கெடுப்பது பற்றிய ஒரே ஒரு குறுக்கீட்டுக் கணக்கை முதலிலிருந்து கடைசிவரை கையால் போட்டுப் பழகினால், மெயின்ஸ் கேள்விக்கும் நேர்முகத்துக்கும் அதுவே கை கொடுக்கும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பாதிக்கப்படுவது யார்? செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் சி-பேண்டில் 3700–4200 மெகாஹெர்ட்ஸ் டவுன்லிங்க், அதாவது வானிலிருந்து தரைக்கு வருவது. ஆகவே பாதிக்கப்படுவது தரையில் இருக்கும் டிஷ். 5925 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அப்லிங்க், தரையிலிருந்து வானுக்குப் போவது. அங்கே பாதிக்கப்படுவது வானில் இருக்கும் ரிசீவர். இதை மாற்றிப் போட்டால் பின்னால் வரும் எல்லாமே தப்பாகிவிடும்.

இப்போது டிஷ் பக்கத்துக் கணக்கு. முதலில் டிஷ்ஷின் சொந்த நாய்ஸ் (இரைச்சல்), எல்லாம் டெசிபலில் (டி.பி.). போல்ட்ஸ்மன் மாறிலி −228.6; சிஸ்டத்தின் 100 கெல்வின் நாய்ஸ் வெப்பநிலைக்கு 20; செயற்கைக்கோளின் ஒரு 36 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்பாண்டர் அகலத்துக்கு 75.6. கூட்டினால் −133 டி.பி.வாட், அதாவது −103 டி.பி.எம். வாட்டிலிருந்து மில்லிவாட்டுக்கு மாறும்போது கூட்டும் இந்த 30-ஐ மறந்துவிட்டுத் தொடர்வதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி நடக்கும் பிழை. குறுக்கீடு நாய்ஸில் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டால் அது −12.2 டி.பி. ஆக, டிஷ் தாங்கக்கூடியது −115.2 டி.பி.எம்.

அடுத்தது டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. சென்னையிலிருந்து 83 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோளை நோக்கினால் டிஷ் ஏறக்குறைய 74 டிகிரி நிமிர்ந்திருக்கும். 5ஜி டவர் தொடுவானத்தில் இருப்பதால் டிஷ்ஷின் மையத்திலிருந்து டவர் விலகியிருப்பதும் அதே அளவு. மையத்திலிருந்து விலகிய கோணத்துக்கு 32-லிருந்து, கோணத்தின் லாக்கை 25-ஆல் பெருக்கிக் கழிக்கும் சூத்திரம் 48 டிகிரி வரைதான். அதற்கு மேல் டிஷ்ஷின் ஆதாயத்தை −10 டி.பி.ஐ. என்று நிலையாக வைக்க வேண்டும். இதே டிஷ் 20 டிகிரி மட்டுமே நிமிர்ந்திருந்தால் −0.5 வரும், டவரின் குறுக்கீடு 9.5 டி.பி. கூடுதலாக நுழையும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பது நமக்கு உண்மையிலேயே பெரிய சாதகம். நேர்முகத்தில் இதைச் சொல்லத் தவறாதீர்கள்.

டவர் 100 மெகாஹெர்ட்ஸில் 65 டி.பி.எம். அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அதில் 36 மெகாஹெர்ட்ஸுக்குள் விழுவது 60.6. தேவைப்படும் பாதை இழப்பு: 60.6 − 10 + 115.2 = 165.8 டி.பி. வெற்றுவெளிச் சூத்திரத்தில் 3700 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் சுமார் 1,260 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்று வரும். இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் 30 மீட்டர் டவருக்கும் 5 மீட்டர் உயர டிஷ்ஷுக்கும் ரேடியோ தொடுவானமே 32 கிலோமீட்டர்தான். அதற்கப்பால் பூமியின் வளைவே இழப்பை ஏற்றிவிடும். ஆகவே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யு.) பி.452 என்ற பாதை இழப்புக் கணக்கீட்டு முறைக்குப் போக வேண்டும்.

பி.452-இல் நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், 100 மீட்டருக்குக் குறைவான உயரத்தில் உள்ள நிலம் ஏ1 என்ற கடலோர மண்டலம். ராயபுரம், எண்ணூர் மட்டுமல்ல, மாதவரமும் இதில்தான் வரும். கடல்மேல் ஈரக்காற்று அடுக்கு உருவாகும்போது சிக்னல் அதற்குள் சிக்கித் தொடுவானத்தைத் தாண்டியும் போகும். இதை டக்டிங் என்போம். உள்நாட்டு மண்டலம் என்று போட்டுவிட்டால் இடைவெளி குறைவாக வந்து ஏமாற்றும்.

ஆனால் இது ஒரே அலைவரிசையில் இருவரும் இருக்கும் நிலைக்கு. இந்தியாவில் 2022 ஏலத்தில் 3300–3670 மெகாஹெர்ட்ஸ் 5ஜி-க்குப் போனது. இடையே 30 மெகாஹெர்ட்ஸ் காலி. அப்படியும் டிவி படம் உடைகிறதே, ஏன்? டிஷ்ஷின் முனையில் சிக்னலைப் பெருக்கும் எல்.என்.பி., டவரின் பலமான சிக்னலால் திணறுவதால். அதே டவர் 500 மீட்டரில், 3500 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் இழப்பு 97.3, டிஷ்ஷின் −10-ஐயும் சேர்த்தால் உள்ளே வருவது −42.3 டி.பி.எம். எல்.என்.பி. 60 டி.பி. பெருக்கினால் வெளியே +17.7 வர வேண்டும். சாதாரண எல்.என்.பி. 0 முதல் +10-க்குள்ளேயே திணறிவிடும்.

அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். 4100-இல் இருக்கும் சேனல் உட்பட எல்லாம் ஒன்றாக உடைந்தால் திணறல். 3700-ஐ ஒட்டிய சேனல்கள் மட்டும் கெட்டால் டவர் தன் பேண்டுக்கு வெளியே விடும் கசிவு. திணறலுக்கு 3700–4200 ஃபில்டரை, டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் ஃபீட் ஹார்னுக்கும் எல்.என்.பி.க்கும் நடுவில் மாட்ட வேண்டும், எல்.என்.பி.க்குப் பின்னால் கேபிளில் மாட்டிப் பயனில்லை. கசிவுக்கு டிஷ் பக்கத்து ஃபில்டர் மருந்தில்லை, டவரில்தான் ஃபில்டர் போட வேண்டும். ஃபில்டரும் இலவசமல்ல: 0.5 டி.பி. இழப்பு சுமார் 35 கெல்வின் நாய்ஸைக் கூட்டும். 100 கெல்வின் சிஸ்டத்தில் அது 1.3 டி.பி.க்கு மேல்.

தண்டையார்பேட்டை மொட்டை மாடிகளில் தெரிகிற 60 செ.மீ. டி.டி.எச். தட்டுகளை இதற்கு உதாரணமாக எழுதாதீர்கள். அவை சி-பேண்டைவிட உயர்ந்த அலைவரிசையான கே.யு. பேண்ட். கேபிள் ஹெட்எண்ட்களில் நிற்கும் எட்டடி, பத்தடி டிஷ்தான் சி-பேண்ட்.

அப்லிங்க் பக்கம் கணக்கின் தன்மையே வேறு. 2023-இல் துபாயில் நடந்த உலக ரேடியோ மாநாடு 7025–7125 மெகாஹெர்ட்ஸை ஐ.டி.யு. பிரிப்பில் இந்தியா இருக்கும் மூன்றாம் மண்டலத்தில் மொபைலுக்கு அடையாளம் காட்டியது. இந்தியா முழுவதும் உள்ள டவர்கள் செயற்கைக்கோளின் ஒரே பார்வைக்குள் விழும். எந்த இடைவெளியும் உதவாது. அத்தனை டவர்களின் குறுக்கீட்டையும் கூட்டி, ஒவ்வொரு டவரும் மேல்நோக்கி எந்தக் கோணத்தில் எவ்வளவு அனுப்பலாம் என்று வரம்பு கட்ட வேண்டும். 2027 மாநாட்டுக்கு ஆய்வில் உள்ள 4400–4800, 7125–8400 மெகாஹெர்ட்ஸ், 14.8–15.35 கிகாஹெர்ட்ஸ் ஆகியவற்றுக்கும் முதலில் பாதிக்கப்படுவது யார் என்று எழுதிவிட்டே கணக்கைத் தொடங்குங்கள்.

முதல்நிலைத் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. லாக் 2 = 0.3, லாக் 3 = 0.48, லாக் 7 = 0.85 ஆகிய மூன்றையும் வைத்தே மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். 36-க்கு 15.6, 3500-க்கு 20 லாக் 71 என்று வந்தால் போதும், அரை டி.பி. வித்தியாசத்தால் சரியான விடை மாறாது.