பொக்லைன்: சாவி போடும் முன்

எஞ்சின் ஆயிலும் கூலன்ட்டும் வண்டி சமதளத்தில், ஆறி நிற்கும்போதே பார்க்க வேண்டியவை. ஏறும்போது இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

ஹைட்ராலிக் ஹோஸில் (அதிக அழுத்தத்தில் ஆயில் ஓடும் குழாய்) கசிவு இருக்கிறதா என்று கையால் தடவவே தடவாதீர்கள். ஊசித்துளையில் பீறிடும் ஆயில் கையுறையோடு தோலையும் துளைத்துவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அவ்வளவாக இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரலாம். பட்டுவிட்டால் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். கசிவைச் சோதிக்க, ஓர் அட்டைத் துண்டை ஹோஸ் அருகே பிடித்தாலே போதும்.

திருப்பும்போது கண் பக்கெட்டிலேயே இருக்கும். ஆனால் பின்னால் சுழலும் கவுண்டர்வெயிட் (வண்டி கவிழாமல் சமன்செய்யும் எடைப் பாளம்) ஆளை நசுக்கிவிடும். சுழலும் வட்டத்தைக் கயிறு கட்டி மறியுங்கள்.

இறங்கும் முன் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, சேஃப்டி லீவரை (ஹைட்ராலிக் இயக்கத்தைத் தடுக்கும் நெம்புகோல்) பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துவிடுங்கள்.