மொட்டை மாடி டைபோலில் ரிட்டி

2017-ல் எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோட் (கணினிவழி செய்தி அனுப்பும் முறை) வந்த பிறகு, ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு வானொலியில் டிஜிட்டல் என்றாலே பலருக்கும் அதுதான். 14.074 மெகாஹெர்ட்ஸில் ரிக்கை (வானொலிக் கருவியை) நிறுத்திக் கணினிக் கடிகாரத்தைச் சரியாக வைத்தால் போதும், 15 விநாடிக்கு ஒருமுறை கால்சைன்கள் (நிலையங்களின் அழைப்புக் குறிகள்) திரையில் வந்து விழும். காதுக்கு எட்டாத சிக்னலைக்கூட அது பிரித்தெடுத்துவிடும். நல்ல மோட்தான். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் அனுப்புவது எழுத்தெழுத்தாக என் திரையில் ஓடிவர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ரிட்டி, அதாவது ரேடியோ டெலிடைப்தான் சரி.

இதற்கென்று புதிய ரிக் வாங்கவில்லை. கையிலிருந்த 100 வாட் எச்எஃப் (சிற்றலை) ரிக், பழைய லேப்டாப், ஜப்பானிய ஹாம் மகோட்டோ மோரி எழுதிய எம்எம்டிடிஒய் என்ற இலவச மென்பொருள், மாடியில் பக்கத்துக்குச் சுமார் ஐந்து மீட்டர் கம்பி கட்டிய, 20 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் (இருபக்கக் கம்பி ஆன்டெனா), அவ்வளவுதான். ரிக்கின் பின்பக்க டேட்டா சாக்கெட்டிலிருந்து யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்கு இரண்டு ஆடியோ வயர்கள் போகின்றன. ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் பிடிடிக்கு யுஎஸ்பி-சீரியல் கேபிளின் ஆர்டிஎஸ் பின், நடுவே மின்தொடர்பின்றி ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஓர் ஆப்டோகப்ளர். ஆடியோ வயர்களில் ஆளுக்கொரு 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். அது தேவையில்லை என்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் மின்சார ஹம் அடங்கியது அதைப் போட்ட பிறகுதான்.

அடுத்த தொல்லை ஆர்எஃப், அதாவது கம்பிகளில் நுழையும் வானொலி அலை. டிரான்ஸ்மிட் போனதும் மவுஸ் உறைந்துபோகும், சவுண்ட் கார்டு காணாமல் போகும். யுஎஸ்பி கேபிளை ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுச் சுற்றி, ஆன்டெனா ஃபீடர் மாடியிலிருந்து இறங்கும் இடத்தில் அதைத் தடுக்கும் ஒரு சோக்கும் வைத்த பிறகு அதுவும் நின்றது.

நான் அதிக நேரம் செலவிட்டது ஆடியோ அளவில். ரிட்டியில் இரண்டே தொனிகள், 2125 ஹெர்ட்ஸும் 2295 ஹெர்ட்ஸும். எப்போதும் ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கும். பேச்சில் இருப்பதுபோல் இடைவெளி கிடையாது, ரிக்குக்கு மூச்சுவிட நேரமே இல்லை. அதனால் பவரை 40 வாட்டுக்கு இறக்கிவிட்டேன். லேப்டாப் வால்யூமை, ஆடியோ மிகும்போது அசையும் ரிக்கின் ஏஎல்சி முள் அசையாத இடம்வரை குறைத்தேன். முள் அசைந்தால் சிக்னல் அகலமாகிப் பக்கத்தில் இருப்பவரின் க்யூஎஸ்ஓவை (உரையாடலை) கெடுக்கும். பேண்டை (அலைவரிசையை) பகிர்ந்துகொள்கிறோம் என்றால் இந்த ஒழுங்கு கட்டாயம். விண்டோஸின் அறிவிப்பு ஒலிகளையும் வேறு ஸ்பீக்கருக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் காற்றில் போகும்.

கேட்பதற்கு 14.080-லிருந்து மேலே துழாவ வேண்டும். 14.100-ஐ நெருங்கக் கூடாது. அது உலக பீக்கன்களின் (தானாகச் சிக்னல் அனுப்பும் நிலையங்களின்) இடம், இலங்கையின் 4எஸ்7பி-யும் அந்த வரிசையில் உண்டு. ரிக் எல்எஸ்பியில் (கீழ்ப் பக்கப்பட்டையில்) இருக்கட்டும், மேல் பக்கப்பட்டையில் வைத்தால் மார்க், ஸ்பேஸ் எனப்படும் அந்த இரண்டு தொனிகளும் தலைகீழாகி வெறும் குப்பைதான் வரும். எம்எம்டிடிஒய்யில் இரண்டு நீள்வட்டங்கள் சிலுவைபோல் குறுக்கே நிற்கும்வரை டயலை நகர்த்தினால் எழுத்துகள் தெளிந்துவிடும்.

முதலில் குழப்பியது ‘டிஓஓ டபிள்யூடபிள்யூ’ என்று வந்த வரி. ரிட்டியின் பாடோ குறியீட்டில் ஓர் எழுத்துக்கு ஐந்தே பிட். எழுத்தும் எண்ணும் ஒரே குறியீட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன, எது என்று சொல்வது முன்னால் வரும் ஷிஃப்ட் குறி. இரைச்சலில் அது தொலைந்தால் எண் எழுத்தாகிவிடும். கீபோர்டைப் பார்த்தால் விடை கிடைக்கும்: 5-க்குக் கீழே டி, 9-க்குக் கீழே ஓ, 2-க்குக் கீழே டபிள்யூ. வந்த செய்தி 599 22. 599 என்பது சிக்னல் தர மதிப்பு.

அந்த 22, உலகைப் பிரித்துள்ள ஹாம் மண்டலங்களில் நம் மண்டல எண். இந்தியாவும் இலங்கையும் மாலத்தீவும் நேபாளமும் அதில் அடங்கும். செப்டம்பர் கடைசி வார இறுதியில் நடக்கும் சிக்யூ டபிள்யூடபிள்யூ ரிட்டி போட்டியில் மண்டலங்களும் பெருக்கிகள் (மதிப்பெண்ணைப் பெருக்குபவை) என்பதால், ‘VU’ என்று தொடங்கும் இந்திய கால்சைனைக் கண்டால் ஐரோப்பிய நிலையங்கள் வரிசைகட்டும். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கி 48 மணி நேரம் ஓடும். புதிதாக வருபவர்கள் முதலில் சிக்யூ (யாராவது பேசலாம் என்ற பொது அழைப்பு) அழைப்பவர்களைத் தேடிப் பதில் சொல்லுங்கள், மேக்ரோக்கள் (ஒரே விசையில் போகும் ஆயத்த வரிகள்) கைக்குப் பழகும். சனி மாலை 20 மீட்டர் ஐரோப்பாவுக்குத் திறக்கும்போது காலியான இடம் பார்த்து நீங்களே அழைக்கலாம்.