கையேட்டிலிருந்து எடுத்த வரி

எங்கள் சுற்றுலா கம்பெனியின் பயணக் கையேட்டிலிருந்து ஒரு வரியை எடுக்கச் சொன்னது நான்தான். எடுத்தது சரி என்றுதான் இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் அது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னவர் அந்த நிலத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. அதனால்தான் மனசு ஆறவில்லை.

‘நீங்கள் தங்கும் ஒவ்வொரு இரவும் ஒரு மாசாய் குடும்பத்தை வாழவைக்கிறது.’ இதுதான் அந்த வரி. மாசாய் என்பவர்கள் மாடு மேய்த்து வாழும் கென்யா மக்கள். அங்கே மாசாய் மாரா ரிசர்வை, அதாவது வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டி, அவர்கள் நிலங்களைச் சேர்த்து விலங்குகளுக்காக ஒதுக்கிய பகுதிகள்தான் கன்சர்வன்சிகள். அங்கே ஆட்களைக் கூட்டிப் போகிற எல்லோரும் இதை ஏதோ ஒரு விதத்தில் எழுதுகிறோம். அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. நிலம் மாசாய் குடும்பங்களின் பெயரில் பட்டாவாக இருக்கிறது. முகாம்கள் குத்தகை கட்டுகின்றன. கூடாரம் நிறைந்தாலும் காலியாகக் கிடந்தாலும் மாதத் தொகை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பதிலுக்கு அவர்கள் வேலி போடுவதில்லை, வீடு கட்டுவதில்லை, மாட்டைச் சொன்ன இடத்தில் சொன்ன காலத்தில் மட்டும் மேய்க்கிறார்கள். ஓலாரே மோட்டோரோகி என்ற கன்சர்வன்சியில் பல நூறு ஏக்கருக்கு ஒரு கூடாரம்தான். ரிசர்வுக்குள் ஒரு சிறுத்தையைச் சுற்றி வண்டிகள் மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்படி ஒரு முகாமில் ஓர் இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, எங்கள் குழுவில் வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி எங்கள் கைடிடம் கேட்டார். நான் சொன்ன நிலத்துக்காரர் வீட்டுப் பிள்ளை அவர்தான். “நாங்கள் வருவதால் உங்களுக்கு நல்லதுதானே?”

“நல்லதுதான் சார். என் தங்கை குத்தகைப் பணத்தில்தான் படிக்கிறாள்.” கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். “2020-இல் யாரும் வரவில்லை. குத்தகையையும் குறைத்துவிட்டார்கள். அந்த வருஷம் மாடுதான் சோறு போட்டது.”

“இப்போது மாடு எத்தனை இருக்கும்?”

“குறைத்துவிட்டோம். மேய்க்க இடம் வேண்டுமே. இந்தப் பக்கம் எங்கள் அப்பா நிலமும் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஓட்டி வந்தால் அபராதம்.”

குறை சொல்கிற தொனி இல்லை. யானை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்வாரே, அதே குரல். அதிகாரி என்னைப் பார்த்து, “வருமானம் ஒரே இடத்திலிருந்து வருகிற ஆளுக்கு நாங்கள் யோசித்துத்தான் கடன் கொடுப்போம்” என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. தன் நிலத்தை விட்டுக்கொடுத்தவரை நாம் வாழவைக்கிறோம் என்று எழுத நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

காலையில் விமானத்துக்குக் காத்திருந்தபோது கைடிடம் அந்த வரியைச் சொல்லி, “எடுத்துவிடட்டுமா?” என்று கேட்டேன்.

“ஏன் மேடம்? இருக்கட்டும். ஆட்கள் வர வேண்டும்.”

“நேற்று நீங்கள் சொன்னது?”

“சார் கேட்டார், சொன்னேன். கையேடு இன்னும் வராதவர்களுக்கு.”

இந்தப் பதிலை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஆட்களை அனுப்புகிற கம்பெனியிலிருந்து வந்தவளிடம் அங்கே சம்பளம் வாங்குகிறவர் வேறென்ன சொல்வார் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அப்படி நினைப்பதே அவரைச் சின்னவராக்குகிறதோ என்று உடனே இன்னொரு பக்கம் தோன்றுகிறது. தங்கையின் படிப்பு, அப்பாவின் நிலம், மிச்சமிருக்கும் மாடு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் அவர் பேசினார். என் மனசாட்சிக்கு அவர் கணக்கில் என்ன இடம்?

ஊர் திரும்பியதும் வரியை எடுக்கச் சொன்னேன். ‘முகாம் இருக்கும் நிலம் மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். அதற்குக் குத்தகை தரப்படுகிறது’ என்று மாற்றினோம். எங்கள் முதலாளி தடுக்கவில்லை. ஆனால், “ஏம்மா, அப்படிப் பார்த்தால் ‘சூழலுக்கு உகந்த முகாம்’ என்பதையும் எடுக்கணுமே? சென்னையிலிருந்து பறந்துதானே போறாங்க?” என்றார். சென்னையிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து நைரோபி, அங்கே வில்சன் விமான நிலையத்திலிருந்து மறுபடியும் ஒரு சின்ன விமானம். அவர் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும் அதை விட்டுவைத்தேன். வெயிலில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள், கான்கிரீட் போடவில்லை, குளிக்க வாளி அளவு வெந்நீர்தான். நாளைக்கே பிரித்துக்கொண்டு போனால் புல் முளைத்துவிடும். அது முகாமைப் பற்றிய உண்மை, எடுத்த வரி மனிதர்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வது என்று எனக்கு நானே பிரித்துச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பிரிவு எவ்வளவு தூரம் தாங்கும் என்பது வேறு விஷயம்.

போன சீசனில் ஒரு குடும்பம் கன்சர்வன்சி வேண்டாம், ரிசர்வுக்கு வெளியே விலை குறைந்த விடுதி போதும் என்று மாறிவிட்டது. வெளியே தங்கினாலும் ரிசர்வுக்குள் போகக் கட்டணம் உண்டு. 2024 ஜூலையிலிருந்து அந்தக் கட்டணமே ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் ஆகிவிட்டது. அதைச் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. பழைய வரி இருந்திருந்தால் மனம் மாறியிருப்பார்களா என்று யோசித்தேன். வெறும் விலைதான் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரவுகளுக்கான பணம் அந்தப் பக்கம் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வரியைத் திரும்பப் போடச் சொல்லி அந்தக் கைடே கேட்டால்கூடப் போடமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்தான் அன்றைக்கே கேட்டுவிட்டாரே.