பி28 போர்டுல ஒரு சிப்பு: என் 94 சிவிக்கோட ஆறு மாசம்

என் காரோட ஈசியூல (இன்ஜின ஓட்டற கம்ப்யூட்டர்) சிப் போட்டு ப்ரோக்ராம மாத்தறதுன்னு ஏப்ரல்ல ஆரம்பிச்ச வேலை, ரோட்ல உப்பு போடறதுக்கு முன்னாடி ஒரு வழியா முடிஞ்சுது, மறந்து போறதுக்குள்ள எழுதி வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன். கார் 1994 ஹோண்டா சிவிக் ஈஎக்ஸ், ரெண்டு கதவு கூப்பே, அஞ்சு கியர் மேனுவல். உள்ள இருக்கறது டி16இசட்6 இன்ஜின், 1.6 லிட்டர், ஒத்தை கேம் விடெக் (கேம்ங்கறது வால்வத் திறக்கறது, ஆர்பிஎம் ஏறினா விடெக் பெரிய கேமுக்கு மாத்திடும்), ஃபேக்டரி கணக்குல 125 எச்பி. நாங்க இருக்கறது மிச்சிகன்ல கேன்டன், இங்க குளிர்காலம் பூரா ரோட்ல கொட்டற உப்புக்கு இந்த வயசு சிவிக் எல்லாம் பின் சக்கரத்துக்கு மேல தகடு அரிச்சுப் போய் தான் இருக்கும், என்னோடது ஃப்ளோரிடாவுல ஓடின வண்டிங்கறதால உடம்பு நல்லா இருக்கு.

இப்ப இருக்கற கார்னா லேப்டாப்ப ஓபிடிங்கற டயக்னோஸ்டிக் போர்ட்ல சொருகி ஈசியூவ மாத்தி எழுதிடலாம். 1996ல தான் அமெரிக்காவுல எல்லா புது காருக்கும் ஓபிடி2 கட்டாயமாச்சு, அதுக்கு முந்தின இந்த வண்டில அந்த வழியே இல்ல. போர்டக் கழட்டி, சிப்ப மாத்தினா தான் உண்டு.

அந்த சிப்புக்குள்ள என்ன இருக்குன்னா, பெரும்பாலும் அட்டவணை தான். ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்) இருக்கற காத்தழுத்தம், ரெண்டும் சந்திக்கற கட்டத்துல ஒரு நம்பர். இந்த நிமிஷம் இன்ஜெக்டர் எவ்ளோ நேரம் திறந்து இருக்கணும்ங்கறதுக்கு ஒரு அட்டவணை, ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னாடி விழணும்ங்கறதுக்கு இன்னொண்ணு. விடெக்ங்கறதால சின்ன கேமுக்கு தனி, பெரிய கேமுக்கு தனி. இது போக எந்த ஆர்பிஎம்ல பெட்ரோல கட் பண்ணணும், எந்த ஆர்பிஎம்ல விடெக் மாறணும், இதெல்லாம். மொத்தமும் 32 கிலோபைட்டுக்குள்ள அடங்கிடுது, இப்ப ஒரு வாட்ஸ்அப் போட்டோவே அத விடப் பெருசு.

பி28ங்கறது இந்த இன்ஜினுக்கு வந்த ஈசியூவோட நம்பர். இதுல ஒரு நல்ல விஷயம், வெளி சிப் ஒண்ணு போடறதுக்கு வேண்டிய இடத்த ஹோண்டாக்காரங்களே போர்டுல விட்டு வெச்சிருக்காங்க, 28 ஓட்டை ரெண்டு வரிசையா, பக்கத்துல 20 ஓட்டை ரெண்டு வரிசையா, மேல எதுவும் மாட்டாம காலியா இருக்கும். நார்மலா ப்ரோக்ராம் போர்டுல இருக்கற ஓகி கம்பெனி ப்ராசசருக்குள்ளயே இருக்கு, ஜே1னு ஒரு இடத்துல கம்பி போட்டு இணைச்சா உள்ள இருக்கறத விட்டுட்டு வெளிய இருக்கற சிப்ப படிக்க ஆரம்பிச்சிடும். 20 கால் இருக்கற இடத்துல 74எச்சி373னு ஒரு ஐசி வரும். அது எதுக்குனா, ப்ராசசர்ல இருந்து வர்ற அதே எட்டு கம்பில தான் மொதல்ல அட்ரஸ் போகும், அடுத்த நொடியே டேட்டா வரும், அதுவரைக்கும் அந்த அட்ரஸ ஒருத்தர் கைல பிடிச்சு வெச்சிருக்கணும்ல, அந்த வேலை இந்த 373க்கு.

என் காரோட ஒரிஜினல் ஈசியூவ தொடக்கூடாதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டேன். பழைய வண்டி உடைக்கற யார்டுல இன்னொரு பி28 தேடி வாங்கினேன். இந்த வேலைக்கு இறங்கறவங்க தயவுசெஞ்சு இத மட்டும் பண்ணுங்க, ஓட்டையச் சுத்தி இருக்கற செப்பு வளையம், பேட்னு சொல்வாங்க, அது ஒண்ணு தூக்கிக்கிச்சுன்னா அப்புறம் வண்டி டிரைவ்வேல நிக்கும்.

யூடியூப்ல பாத்தா பத்து நிமிஷ வேலை மாதிரி தெரியும். உண்மை என்னன்னா அந்த 48 ஓட்டையும் ஃபேக்டரிலயே ஈயம் ரொம்பி அடைச்சுக் கிடக்கும். செப்புத் திரிய ஃப்ளக்ஸ்ல தொட்டு ஓட்டை மேல வெச்சு, அயர்ன் முனைய அழுத்தி, ஈயம் பளபளன்னு உருகி திரில ஏறற வரைக்கும் காத்திருந்து, ரெண்டயும் சேத்து ஒரே நேரத்துல தூக்கணும், திரிய மட்டும் ஆற விட்டுட்டு இழுத்தா பேடும் கூடவே வந்துடும். தரைக்குப் போற ஓட்டைங்க தான் படுத்தி எடுக்கும், பெரிய செப்புப் பரப்போட ஒட்டி இருக்கறதால சூட்ட எல்லாம் குடிச்சிடும், ஈயம் உருகவே உருகாது. அதுக்கு நான் பண்ணது, மேல புதுசா கொஞ்சம் ஈயம் வெச்சு பழசோட கலக்க விட்டு அப்புறம் உறிஞ்சறது. ரெண்டு ராத்திரி ஆச்சு. லைட்டுக்கு நேரா போர்டப் பிடிச்சா 48 ஓட்டையிலயும் வெளிச்சம் தெரியணும், அப்ப தான் சாக்கெட்ட இறக்கணும்.

இதுக்கு முன்னாடி கை பழகறதுக்கு மெயின் ரிலேவ கழட்டி அதோட ஜாயின்ட் எல்லாம் திரும்ப சால்டர் பண்ணேன், இந்தக் காலத்து ஹோண்டால அந்த ரிலே வெடிப்பு விடறது தெரிஞ்ச வியாதி, வெயில்ல நிறுத்திட்டு வந்தா ஸ்டார்ட் ஆகாது. பழகின மாதிரியும் ஆச்சு, வண்டிக்கும் ஒரு தொல்லை விட்டுது.

சாக்கெட், 373, ரெண்டு சின்ன கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், ஜே1 எல்லாம் போட்டு, ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்கின ரெடிமேட் சிப்ப சொருகி, பயணி பக்கம் கால் வைக்கற இடத்துல கார்ப்பெட்டுக்குப் பின்னாடி ஈசியூவ மாட்டி சாவியத் திருப்பினேன். செக் இன்ஜின் லைட் எரிஞ்சுது, அணையவே இல்ல. கோட் எதுவும் கண்ணடிக்காம அப்படியே எரிஞ்சா சிப்ப படிக்க முடியலன்னு அர்த்தம். திரும்பக் கழட்டி பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொரு காலா பாத்ததுல 373ல ஒரு கால்ல ஈயம் சுத்தி உருண்டு நிக்குது, காலப் பிடிக்கல. அயர்ன வெச்சு ஒரு தொடு. மறுபடி சாவி, லைட் ரெண்டு செகண்ட் எரிஞ்சு அணைஞ்சுது. அந்த சந்தோஷத்த என்னால எழுத முடியல.

அடுத்த ரெண்டு வாரம் வண்டி பறக்கற மாதிரி தான் இருந்துச்சு, யாரப் பாத்தாலும் சிப் போட்டேன்னு சொல்லிட்டு இருந்தேன். ஜூன் கடைசில நல்ல வெயில் நாள்ல பக்கத்துத் தெரு அண்ணன ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனேன். மதுரைக்காரர், இங்க ஒரு பெரிய கம்பெனில இருபது வருஷமா இன்ஜின் காலிப்ரேஷன், அதாவது இந்த மாதிரி அட்டவணைக்கு நம்பர் போடறது தான் அவர் வேலை. 275 ஹைவேல ஏறற ரேம்ப்ல மூணாவது கியர்ல முழுசா மிதிச்சேன். அவர் கண்ணாடிய இறக்கிட்டு தலைய சாச்சு கேட்டாரு.

"தம்பி, கால எடுப்பா. கடலை வறுக்கறது கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேண்ணே."

"ஓரத்துல நிப்பாட்டு. இன்னும் ஒரு மாசம் இப்படி ஓட்டுனா பிஸ்டன் போயிரும்."

நாக்கிங். மணல்ல கடலைய போட்டு கிளறினா கலகலன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது தான், ஆனா எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு நடுவுல பழகாத காதுக்கு பிடிபடாது. ஸ்பார்க் விழுந்து நெருப்பு பரவிட்டு இருக்கும்போதே, இன்னும் எரியாம ஓரத்துல நசுங்கிக் கிடக்கற கலவை சூடு தாங்காம தானா வெடிக்கறது. ஆர்பிஎம் கம்மியா, மிதி அதிகமா இருந்தா அந்தக் கலவைக்கு சூடாகறதுக்கு நேரம் ஜாஸ்தி கிடைக்கும், அதனால தான் 3000 பக்கத்துல கலகலங்குது, 6000ல இல்ல. இதுல பெரிய ஆபத்து என்னன்னா, இந்த இன்ஜின்ல நாக் சென்சாரே கிடையாது. புது வண்டின்னா தானே உணர்ந்து டைமிங்க (ஸ்பார்க் விழற நேரம்) பின்னாடி இழுத்துக்கும், இதுக்கு சிப்ல என்ன எழுதியிருக்கோ அதான் வேதம்.

அன்னைக்கு ராத்திரியே ஒரிஜினல் ஈசியூவ மாட்டிட்டேன். அப்புறம் அந்த சிப்ப பர்னர்ல (சிப்ப படிக்கவும் எழுதவும் செய்யற கருவி) வெச்சு படிச்சு, ஃபேக்டரி ஃபைலோட பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தோம். எனக்கு வயிறு எரிஞ்சுது. இக்னிஷன் அட்டவணை முழுக்க ஒரே மாதிரி 4 டிகிரி கூட்டியிருக்கு, எந்தக் கட்டம்னு ஒரு பாகுபாடே இல்ல. பெரிய கேம் பெட்ரோல் அட்டவணை முழுக்க ஒரே சதவீதம் ஏத்தியிருக்கு. பெட்ரோல் கட் ஆஃப 8200 ஆர்பிஎம்முக்கு தூக்கியிருக்கு, டயல்ல சிவப்பே 7200ல ஆரம்பிக்குது, ஸ்டாக், அதாவது கம்பெனில வந்த வால்வு ஸ்பிரிங்க வெச்சுக்கிட்டு 8200! எழுதினவர் ஒரு இன்ஜின ஓட்டிப் பாத்து எழுதல, உக்காந்த இடத்துல கூட்டல் போட்டிருக்காரு. "ஸ்டேஜ் 2"ன்னு மேல ஸ்டிக்கர்.

அண்ணன் சொன்னாரு, "மொதல்ல இன்ஜின் நல்லா இருக்கான்னு பாரு. நோயாளிக்கு டானிக் குடுக்காத." கம்ப்ரஷன் நாலு சிலிண்டரும் 170ல இருந்து 180 பிஎஸ்ஐக்குள்ள இருந்துச்சு. ப்ளக் புதுசு, இடைவெளி 1.1 மில்லிமீட்டர். பேஸ் டைமிங், அதாவது ஈசியூ கூட்டறதுக்கு முன்னாடி ஸ்பார்க்கோட அடிப்படை நேரம், 16 டிகிரி இருக்கணும், சர்வீஸ் கனெக்டர ஜம்பர் பண்ணிட்டு டைமிங் லைட் அடிச்சுப் பாத்தா 19ல நிக்குது, முந்தின ஓனர் யாரோ டிஸ்ட்ரிபியூட்டர திருப்பி வெச்சிருக்காங்க. ஆக ஏற்கனவே 3, சிப் மேல 4, ரெகுலர் 87 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் கம்மின்னா நாக் சுலபமா வரும்). கடலை வறுபடாம என்ன பண்ணும்.

இதுக்கப்புறம் நடந்தது தான் எனக்கு பிடிச்ச பாகம். எக்ஸாஸ்ட்ல காத்து, பெட்ரோல் கலவைய துல்லியமா அளக்கற வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒண்ணு வெல்டு பண்ணி மாட்டினோம். சிப் இருந்த சாக்கெட்ல யூஎஸ்பி எமுலேட்டர், லேப்டாப்ல ஒரு கட்டத்த மாத்தினா ஓடிட்டு இருக்கும்போதே மாறும். நாக்க கேக்கறதுக்கு அண்ணன் ஒரு சாமான் செஞ்சாரு. சின்ன செப்புக் குழாய், ஒரு முனைய சுத்தியால தட்டையா அடிச்சு ஓட்டை போட்டு இன்ஜின் பிளாக்ல ஒரு போல்ட்டோட சேத்து முடுக்கியாச்சு, இன்னொரு முனைல ரப்பர் ட்யூப், அது ஃபயர்வால் வழியா உள்ள வந்து காது மூடற இயர்மஃப்ல முடியுது. டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி தான். அத காதுல மாட்டின உடனே இன்ஜினுக்குள்ள நடக்கறது அத்தனையும் கேக்குது, டப்பு டப்புனு வால்வு, சர்ருனு இன்ஜெக்டர், நாக் வந்தா கண்ணாடி மேல சின்ன கல்லு விழற மாதிரி ஒரு டிக்.

சும்மா நிதானமா ஓட்டும்போது பெட்ரோல் அட்டவணைய மாத்தறதால பெருசா ஒண்ணும் ஆகாது, ஆக்சிஜன் சென்சாரப் பாத்து ஈசியூவே சரி பண்ணிக்கும். முழுசா மிதிச்சா தான் சென்சாரக் கேக்காம அட்டவணைய மட்டும் நம்பி ஓடும், நம்ம வேலை எல்லாம் அங்க தான். ரெடிமேட் ஃபைல்ல மேல 6000 பக்கம் ஏர் ஃப்யூவல் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்து) 11.2ல நின்னுச்சு, பெட்ரோல சும்மா கொட்டுது. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு 12.8க்கு கொண்டு வந்தோம். டைமிங்க ஃபேக்டரி நம்பர்ல இருந்து ஆரம்பிச்சு ஒரு தடவைக்கு 1 டிகிரி, அண்ணன் காதுல டிக்னு ஒண்ணு விழுந்துச்சுன்னா அந்தக் கட்டத்துல 2 பின்னாடி. 3000ல இருந்து 4000 வரைக்கும் ஃபேக்டரிய விட ஒண்ணும் ஏத்த முடியல, 5000க்கு மேல 93 ஆக்டேன்ல 3 டிகிரி வரைக்கும் தாங்குச்சு. கட் ஆஃப் 7300, அவ்ளோ தான்.

ரெண்டாவது கியர்ல 3000ல இருந்து 6500 போக எத்தனை செகண்ட்னு ஒரே ரோட்ல மூணு மூணு தடவை லாக் எடுத்தோம். ஃபேக்டரி ப்ரோக்ராம் 5.3. ரெடிமேட் சிப் 5.4. எங்களோடது 5.0. பறக்குதுன்னு ரெண்டு வாரம் சொல்லிட்டுத் திரிஞ்சது ஸ்டாக்க விட மெதுவான வண்டிய. டர்போ வண்டின்னா கதை வேற, அங்க பூஸ்ட்ட ஏத்தலாம், ஃபோக்ஸ்வேகன் 1.8டி மாதிரி இன்ஜின்ல சிப்லயே 30, 40 எச்பி வரும். டர்போ இல்லாத 1.6ல இருக்கற காத்து அவ்ளோ தான், அந்த 0.3 செகண்டுக்கு மேல வேணும்னா கேம், ஹெட்டுன்னு இறங்கணும்.

கடைசியா ஃபைல 27எஸ்எஃப்512 சிப்ல எரிக்கும்போது ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். அது 64 கிலோபைட் சிப், நம்ம ஃபைல் 32. முன்பாதில எழுதினா ஈசியூ கண்டுக்காது, அது படிக்கறது பின்பாதிய, அதனால 8000ங்கற அட்ரஸ்ல இருந்து எஃப்எஃப்எஃப்எஃப் வரைக்கும்னு பர்னர்ல சொல்லணும். சொருகும்போது சிப்போட வெட்டும் சாக்கெட்டோட வெட்டும் ஒரே பக்கம் இருக்கணும், திருப்பி மாட்டி கரண்ட் குடுத்தா சிப் காலி.

மிச்சிகன்ல புகை டெஸ்ட் கிடையாது, ஆனா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரயும் ஆக்சிஜன் சென்சார் வேலையயும் நாங்க தொடவே இல்ல, அத சிப்ல அணைச்சு வைக்கறவங்க நிறைய பேர், பின்னாடி வர்ற பிள்ளைங்க தான் அந்தக் காத்த மூச்சு விடணும். கலிஃபோர்னியால இருக்கறவங்க கார்ப் (அந்த மாநில காத்து மாசு வாரியம்) குடுத்த ஈஓங்கற அனுமதி நம்பர் இல்லாத சிப்ப மாட்டாதீங்க, ஸ்மாக்ங்கற புகை டெஸ்ட்ல நிப்பாட்டிடுவாங்க.

அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை அதே 275 ரேம்ப்ல அண்ணன் ஓட்டினாரு, இயர்மஃப என்கிட்ட குடுத்துட்டாரு. முழுசா மிதிச்சாரு. வால்வு கேட்டுச்சு, இன்ஜெக்டர் கேட்டுச்சு, 5000ல விடெக் மாறும்போது சத்தம் கனமாச்சு, டிக்னு ஒண்ணுமே இல்ல. இப்ப கார் கராஜ்ல கவர் போட்டு நிக்குது. 87 ஆக்டேனுக்கு தனியா இன்னொரு சிப் எழுதணும், மிட்ரேஞ்சுல நாலு கட்டத்த மறுபடி இயர்மஃப் போட்டு கேக்கணும்னு அண்ணன் சொல்லியிருக்காரு, உப்பெல்லாம் மழைல கழுவிப் போனதும் ஏப்ரல்ல.